இருநூற்றுப் பதினேழு புள்ளி ஒன்பது

தாராபுரத்துக்குக் கிழக்கே ஊஞ்சப்பாளையம் என்று ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் மணியைப் பத்து ஐம்பத்து நாலுக்கு அடிப்பார்கள், அதுவும் கடிகாரத்தைப் பார்த்து அல்ல, மேற்கே செங்கல் சூளைப் பக்கமிருந்து நவநீதனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அடிப்பார்கள், ஏனென்றால் கடிகாரம் நின்றாலும் நிற்கும், நவநீதன் ஒரு நாளும் நின்றதில்லை. தீபாவளிக்கும் வந்தான், புயல் மழைக்கும் வந்தான், பந்த் அன்றைக்கும் வந்தான், ஒரு வருஷம் ஏழு மாதமாக மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர், கூடவும் இல்லை குறையவும் இல்லை, மேற்கே தோன்றி ஊரைக் கடந்து கிழக்கே வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவான், மறுநாள் மறுபடியும் மேற்கேயிருந்தே வருவான். நடுவில் அவன் எங்கே போனான், எந்தப் பக்கமாகத் திரும்பினான், பெட்ரோலுக்கு என்ன செய்தான் என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் உண்டு. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு வரி. கோகிலவாணி எழுதிய வரி, வேறொருவர் வெட்டிய வரி. கோகிலவாணிக்குக் கோயமுத்தூர்ப் பம்ப் கம்பெனி ஒன்றில் டிராயிங் பிரிவில் வேலை, வயசு நாற்பத்து நாலு, மூக்குக்கு மேல் கோபம், பன்னிரண்டு வருஷமாக அந்த ஊர் மோட்டார் சைக்கிள் சங்கம் நடத்துகிற நெடுந்தூர ராலிக்கு ரூட் நோட் எழுதுகிறவள் அவள்தான். ராலி என்றதும் புழுதி பறக்கப் பாய்கிற கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். இது சொன்ன வழியில், சொன்ன வேகத்தில், சொன்ன நிமிஷத்துக்குச் சொன்ன இடத்தில் வந்து சேருகிற ராலி. எந்த வழி என்று ஓட்டுகிறவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. கிளம்புகிற நேரத்தில் கையில் ஒரு காகிதச் சுருள் கொடுப்பார்கள், அதை டாங்கின் மேலிருக்கும் பெட்டிக்குள் மாட்டிப் பெருவிரலால் திருகத் திருக வரி வரியாக ஏறி வரும், இத்தனையாவது கிலோமீட்டரில் இடது, இத்தனையாவதில் வலது, இங்கே பள்ளம், இங்கே மாடு குறுக்கே வரும் என்று. அப்படி ஒரு வரி எழுதுவதற்காகக் கோகிலவாணி அந்த ரோட்டில் மூன்று தடவை போவாள், வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை, எதிர்த்திசையிலிருந்து ஒரு தடவை. ஓட்டிப் பார்க்காத ரோட்டைப் பற்றி அவள் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை.

கட்டுப்பாடுகளையும் அவளேதான் எழுதினாள். வழியில் சோறு தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம், வழி மட்டும் யாரிடமும் கேட்கக்கூடாது. நோட்டில் ஏதாவது மாற்றம் இருந்தால் மஞ்சள் தாளில் திருத்த அறிவிப்பு வரும், அதில் சங்கத்துச் செயலாளர் கையெழுத்தும் சங்கத்துச் சீலும் இருக்கும், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு நேராகப் போகவேண்டும். ஏனென்றால் ஒரு வருஷம் யாரோ ஒரு வேலையற்றவன் பொய்த் திருத்தம் எழுதி வழியில் நின்று விநியோகித்து, பதினோரு பேரைப் பழனி அடிவாரத்துக்கு அனுப்பிவைத்துவிட்டான். அதிலிருந்து ஒவ்வொரு ராலிக்கு முந்தின நாளும் கோகிலவாணி மேடையேறி, "உங்க கண்ணை நம்பாதீங்க, ஊர்க்காரங்க வாயை நம்பாதீங்க, நோட்டு சொல்றதுதான் ரோடு" என்று சொல்வாள், எல்லோரும் கைதட்டுவார்கள். தலையாட்டிக்கொண்டே முன்வரிசையில் உட்கார்ந்து அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டவன் ஒருத்தன்தான், பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த நவநீதன்.

அந்த வருஷம் சுருளை அச்சுக்கு அனுப்பும்போது, சங்கச் செயலாளர் தண்டபாணிக்கு ஒரு சங்கடம். விழாச் செலவை ஏற்றுக்கொண்ட மெத்தைக் கம்பெனிக்கு ஒவ்வொரு இரண்டடிக்கும் ஒரு விளம்பரம் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார், இருநூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டர்ப் பக்கம் விளம்பரத்துக்கு இடம் பற்றவில்லை, ஒரு விரற்கடை பற்றவில்லை. "ஒரு வரிதானுங்களே" என்று வெட்டிவிட்டார். வெட்டியது என்ன வரி? '212.4: செங்கல் சூளை. தார் ரோட்டை விட்டு இடது, மண் ரோடு.' அந்த இடத்தில் ஒரு குண்டுப் பெண் மெத்தையில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த வரி, '218.0: மாரியம்மன் கோயில், வலது.' அச்சான சுருளைக் கோகிலவாணி பார்க்கக் கேட்டாள், நேரமில்லீங்க அம்மணி என்று சொல்லிவிட்டார்.

அறுபத்தொரு பேர் கிளம்பினார்கள். அறுபது பேர் சூளைப் பக்கம் வந்ததும் நோட்டு ஒத்துவரவில்லையே என்று வண்டியை நிறுத்தி, டீக்கடையில் கேட்டு, ஒருவன் புழுதியை ஒருவன் பார்த்து, கட்டுப்பாட்டையெல்லாம் காற்றில் விட்டு இடது பக்கம் திரும்பிக் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். நவநீதன் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் பொங்கியண்ணன் ரோட்டுக்கே ஓடிவந்து, "ஏனுங் தம்பி, எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்கோ!" என்று கத்தியபோதுகூட மரியாதையாக ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நேராகப் போனான். 218.0 வந்தால் கோயில் வரும், கோயில் வந்தால் வலது, அதுவரை நேர். அவன் மீட்டர் 217.9 வரை ஏறியது, அங்கேயே நின்றுவிட்டது, வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

ஒன்பது நாள் தேடினார்கள். பத்தாவது நாள் பொங்கியண்ணன் வண்டியில் ஒட்டியிருந்த சங்கத்து நம்பரைப் பார்த்துப் போன் செய்து, "உங்க ஆளு ஒருத்தரு தெனமும் இப்படிக்கா போயிட்டிருக்காருங்க, அவருக்கு ஊட்டுல யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார். கோகிலவாணி மறுநாளே வந்து, தன் வண்டியை அவன் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே பார்த்தாள். தாடி வளர்ந்திருந்தது, உதடு வெடித்திருந்தது, மீட்டரில் 217.9. அவள் தன் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகத்தையே விரித்து அவன் கண்முன் நீட்டி, "நவநீதா, நான்தான் சொல்றேன், ஒரு வரி விட்டுப்போச்சு, திரும்பு!" என்று கத்தினாள். அவன் எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு, வருத்தமாகத்தான், "சீல் இல்லீங்களே மேடம்" என்றான்.

பாலம் தாண்டியதும் பக்கத்தில் அவன் இல்லை, அவள் ரோட்டில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானமே சங்க அலுவலகத்துக்குப் போய்த் தண்டபாணியின் மேஜை மேல் ஹெல்மெட்டை டமார் என்று வைத்தாள். தண்டபாணி சத்தம் போட்டுப் பேசாதவர், நெற்றியில் எப்போதும் விபூதி, கோபக்காரர்களைக் கண்டால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதுவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு மஞ்சள் தாளுங்க. ஒரு கையெழுத்து, ஒரு சீல். அந்த ஆளு வீட்டுக்கு வந்துருவாரு."

"உக்காருங்க அம்மணி. தண்ணி குடிங்க. அவரு ஃபைல் முடிஞ்சுதுங்களே. 'போட்டியை நிறைவு செய்யவில்லை'ன்னு எழுதி ஒப்பம் போட்டாச்சு."

"அவரு இன்னும் ஓட்டிக்கிட்டிருக்காருங்க!"

"அதுக்கு நாம என்ன பண்றதுங்க? இப்பத் திருத்தம் குடுத்தா, அப்பத் தப்பு இருந்துதுன்னு ஆகுமுங்களா இல்லீங்களா? தப்பு இருந்துதுன்னா யாரு பண்ணுனதுன்னு வரும். மெத்தைக்காரரு மனசு சங்கடப்படுவாரு. அடுத்த வருசத்துக்கு அனுமதி கேக்கறதா வேண்டாமா?"

"வெட்டுனது நீங்க!"

"எழுதினது நீங்கதானுங்களே அம்மணி. கொஞ்சம் சுருக்கி எழுதியிருந்தா எடம் பத்தியிருக்கும்."

பாருங்கள் இந்த அநியாயத்தை! அவள் அங்கே நின்றால் அழுதுவிடுவோம் என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அப்புறம் மாதம் ஒரு தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் உட்காருங்கள் என்றார், தண்ணீர் குடியுங்கள் என்றார்.

நவநீதனின் மனைவி சுகந்தி இந்த அலுவலகம் கிலுவலகம் எதற்கும் காத்திருக்கவில்லை. முதல் மாதமே பீளமேட்டு வீட்டைப் பூட்டிவிட்டு ஊஞ்சப்பாளையத்தில் ஓர் ஓட்டு வீட்டுக்குக் குடிவந்துவிட்டாள். தினமும் பத்து ஐம்பதுக்கெல்லாம் மொபெட்டைக் கிளப்பிச் சூளைக்குப் போய் நிற்பாள், அவன் வந்ததும் அவனோடு ஒட்டி ஓட்டுவாள். சூளையிலிருந்து பாலம் ஒன்றரைக் கிலோமீட்டர், அவன் வேகத்துக்கு இரண்டரை நிமிஷம், அந்த இரண்டரை நிமிஷத்துக்குள் இட்லியைப் பிட்டு வாயில் ஊட்டவேண்டும், தண்ணீர் கொடுக்கவேண்டும், முகம் துடைக்கவேண்டும், சட்டையை மாற்றவேண்டும், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதைச் சொல்லவேண்டும், பட்டறையை மச்சான் பார்த்துக்கொள்வதைச் சொல்லவேண்டும், வாங்க வீட்டுக்கு என்று கெஞ்சவேண்டும். அவன் வாயில் இட்லியோடு, "பேசாதே சுகந்தி, கணக்கு தப்பிரும்" என்பான். பாலத்துக்கு முன்னால் மட்டும் ஒரு கேள்வி கேட்பான், தினமும் அதே கேள்வி. "திருத்தம் வந்துருச்சா?"

ஊர் இதையெல்லாம் பார்த்தது, பார்த்துப் பழகியது, பழகிப் பிழைக்கவும் கற்றுக்கொண்டது. முதலில் மாட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தினார்கள். அவன் சோளக்காட்டுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு நேரம் தவறாமல் ரோட்டில் ஏறினான். போலீஸ் ஜீப் பின்னாலேயே போனது, முப்பத்தாறில் போகிறவனை என்ன கேஸில் பிடிப்பது என்று திரும்பி வந்தது. பிறகு ஊரார் அவனுக்கு வழிவிடக் கற்றுக்கொண்டார்கள். ரோட்டோரம் சோளம் காயப்போட்டவர்கள் அவன் டயருக்கு ஒரு கோடு விட்டுக் காயப்போட்டார்கள். வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர் அவனோடு ஓடிக்கொண்டே வயசு கேட்டு ஊஞ்சப்பாளையத்தில் பேர் சேர்த்துக்கொண்டார். புது வண்டி வாங்கியவர்கள் அதை ரோட்டோரம் நிறுத்திவைத்தார்கள், அவன் காற்று பட்டால் வண்டி மக்கர் பண்ணாது என்று. அதைக் கேள்விப்பட்டு ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் லாரி லாரியாக வந்தார்கள், டிராக்டர் வந்தது, ஒரு ஆம்புலன்ஸ்கூட வந்தது. பொங்கியண்ணன் டீக்கடைக்குக் கொட்டகை பெரிதானது, போர்டு பெரிதானது, போண்டாவும் பெரிதானது. பக்கத்து ஊர்க்காரர்கள் அவன் முதலில் எங்கள் எல்லையில்தான் வருகிறான் என்று போர்டு வைத்தார்கள், அதில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. பதினோரு வருஷமாக மனுக் கொடுத்தும் வராத புதுத் தார் ரோடு, பெரிய இடத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று, ஒரே மாதத்தில் வந்தது.

கோகிலவாணிக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் டீக்கடை முன்னால் நின்று கத்தியே விட்டாள்.

"ஒரு மனுசன் தூக்கமில்லாம சுத்திக்கிட்டிருக்கான், நீங்க போண்டா சுட்டுத் தின்னுக்கிட்டிருக்கீங்க! ஊரே ஒரு மனுப் போட்டா அந்தத் தண்டபாணி கையெழுத்துப் போடமாட்டாரா?"

பொங்கியண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். கெட்டவர் இல்லை அவர், சுகந்திக்கு இதுவரை ஒரு டீக்குக்கூடக் கணக்கு வைத்ததில்லை.

"போடலாமுங்க. போட்டா அவரு போயிருவாருங்களே. அவரு வந்து எங்களுக்கு ரோடு வந்துச்சு, பஸ்ஸு வந்துச்சு, பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு வாத்தியாரு வந்தாங்கோ. அவரும் ஒண்ணும் கஷ்டப்படற மாதிரித் தெரியலீங்களே. எத்தனாவது கியர்ல போறோம்னுகூட மறக்காம தாட்டியமாத்தானுங்க போறாரு."

"அந்தப் பொண்ணு?"

பொங்கியண்ணன் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார். கோகிலவாணி அன்று டீ குடிக்காமல் போனாள்.

கடைசியில் தண்டபாணி மனம் மாறியது யாருடைய கண்ணீரைப் பார்த்தும் இல்லை. சங்கத்துக்கு வெள்ளிவிழா வந்தது. அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில், பழைய ஆள் ஒருத்தர் இன்னும் ரோட்டில் இருக்கிறாராமே, அவரை முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மெத்தைக் கம்பெனிக்காரரும், அவரை வரவேற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தால் நன்றாயிருக்கும் என்றார். அவ்வளவுதான், ஒரு வருஷம் ஏழு மாதம் முடியாத காரியம் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஊஞ்சப்பாளையத்தில் பந்தல், பத்திரிகைக்காரர்கள், மஞ்சள் தாளைச் செயலாளரே நேரில் வந்து வழங்குகிறார் என்று சுகந்திக்குப் போன் வந்தது. சுகந்தி கோகிலவாணிக்குப் போன் செய்து பேசமுடியாமல் அழுதாள்.

கோகிலவாணி அழவில்லை. அவளுக்குச் சந்தோஷமும் வரவில்லை. ஒரு வரி வெளியே போகிறது, அதை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் அவள் மண்டைக்குள் குடைந்தது. வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் கோயமுத்தூரை விட்டாள், எட்டு மணிக்குச் சூளை வந்தாள், இடது பக்கம் மண் ரோட்டில் திரும்பினாள். முந்நூறு மீட்டர் போனாள். ஒரு வேலி மறைவைச் சுற்றியதும் ரோடு இல்லை. அறுபது அடி ஆழத்துக்கு வெட்டியிருந்தது, அடியில் பச்சையாகத் தண்ணீர், கரையில் ஒரு கயிறு இல்லை, ஒரு கல் இல்லை, ஒரு எச்சரிக்கைப் பலகை இல்லை. பிரேக்கை அழுத்தி அவள் காலை ஊன்றிய இடத்துக்கும் விளிம்புக்கும் ஓர் ஆள் நீளம்தான் இருந்தது. நவநீதனைப் பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்டார்களே புதுத் தார் ரோடு, அதற்குக் கல் இங்கேயிருந்துதான் போயிருந்தது.

அவள் வண்டியைத் திருப்பினாள். வாய்க்கால் பாலத்துக்குப் போய், பாலத்துக்கு முன் இடது பக்கம் கரை ரோட்டில் இறங்கி, மாரியம்மன் கோயில் வரை ஓட்டினாள், எதிர்த்திசையில் ஒரு தடவை ஓட்டினாள், மறுபடி ஒரு தடவை ஓட்டி அளந்து எழுதிக்கொண்டாள். பந்தலுக்கு வந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. தண்டபாணி வெள்ளைச் சட்டையில், மேஜை மேல் சீலும் மைப்பெட்டியும் வைத்து, சுகந்தியின் கையில் மஞ்சள் தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார், கேமராக்காரர் இன்னும் கொஞ்சம் சிரியுங்கள் என்றார்.

"அந்தத் தாளை அவர்கிட்டக் குடுக்காதே சுகந்தி!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுகந்தி தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்னங்க அம்மணி இது" என்றார் தண்டபாணி, எப்போதும்போல மெதுவாக. "நீங்க எழுதின வரியேதான், ஒரு எழுத்து மாத்தலீங்க. நல்ல காரியத்துல வந்து..."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"எதை?"

"ரோட்டை! கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, அந்த ரோட்டை ஓட்டிப் பாத்தீங்களா? அங்க ரோடு இல்ல. குழி வெட்டியிருக்கு, அறுபது அடி. அவரு உங்க சீலைப் பாத்துட்டு நேரா அதுக்குள்ள எறங்குவாரு."

கோகிலவாணி பொங்கியண்ணனைப் பார்த்தாள், பஞ்சாயத்துக்காரர்களைப் பார்த்தாள், சோளம் காயப்போடுகிற பெண்களைப் பார்த்தாள். ஒருவர்கூடத் திடுக்கிடவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள். "அடப் பாவிகளா, உங்க எல்லாருக்கும் தெரியும்!"

"பெரிய ராலிக்காரங்க," என்றார் பொங்கியண்ணன், "பாக்காமயா எழுதியிருப்பாங்கன்னு நெனச்சோமுங்க. சீலெல்லாம் போட்டிருந்துதுங்களே."

தண்டபாணி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அச்சாயிருச்சுங்களே அம்மணி. அங்க போனதும் குழி தெரிஞ்சா அவரே நிறுத்திக்குவாரு. கண்ணு இருக்குதுல்லீங்களா?"

சுகந்தி மேஜைக்கு முன்னால் வந்தாள், மொபெட் சாவியை எடுத்தாள், தண்டபாணியின் உள்ளங்கையைப் பிடித்து விரித்து அதில் வைத்தாள்.

"நீங்க முன்னால போங்க. சூளைல இடது. என்ற வீட்டுக்காரர் பின்னால வருவாரு. நீங்க போய் அந்தப் பக்கம் ஏறி நில்லுங்க, நான் இந்தத் தாளைக் குடுக்கறேன்."

தண்டபாணி சாவியைப் பார்த்தார். கேமராக்காரரைப் பார்த்தார். ஊர் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவருக்காக ஒருவரும் இடையில் வரவில்லை. பத்து நாற்பத்து மூன்றுக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், மஞ்சள் தாளை வாங்கி, முன்பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டுப் பின்பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க" என்றார்.

"'சங்கச் செயலாளர் வரியை வெட்டியதால்'னு ஆரம்பிங்க" என்றாள் கோகிலவாணி.

"'சாலை மாற்றம் காரணமாக'ன்னு போட்டுக்கலாமுங்களே."

"போடமாட்டீங்க. ஒரு வருசம் ஏழு மாசம் என்னை உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தீங்க. வெட்டுனது யாருன்னு உங்க கையால எழுதுங்க."

"அது ரெக்கார்டாயிருமுங்க அம்மணி."

"ஆகட்டும்! அதுக்குத்தான்!"

பேனா அசையவில்லை. பத்து நாற்பத்தாறு ஆனது. கோகிலவாணி அசையவில்லை, தண்டபாணி அசையவில்லை, அவளுக்கு அந்த நிமிஷம் அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. சுகந்திதான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா! உங்க கோவத்த அப்பறம் வச்சுக்குங்க! மணியாச்சு!"

கோகிலவாணி அவளைப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, துப்புகிற மாதிரி சொன்னாள்: "சாலை மாற்றம் காரணமாக. பொங்கியண்ணன் டீக்கடைப் போர்டு அருகே மீட்டரை 213.0 என்று வைத்துக்கொள்ளவும். 213.9, வாய்க்கால் பாலத்துக்கு முன் இடது, கரை ரோடு. 218.0 என்பதை 219.3 என்று படிக்கவும். மாரியம்மன் கோயில், வலது. அதன்பின் ஒவ்வொரு தூரத்துக்கும் 1.3 கூட்டிக்கொள்ளவும்." அவர் எழுதினார், கையெழுத்துப் போட்டார், சீலை மையில் அழுத்திக் குத்தினார். சாவியையும் தாளையும் பிடுங்கிக்கொண்டு சுகந்தி ஓடினாள்.

பத்து ஐம்பத்து நாலுக்கு இன்டர்வெல் மணி அடித்தது, ஊரே ரோட்டோரம் நின்றது. நவநீதன் சூளையிலிருந்து வந்தான், பக்கத்தில் சுகந்தி. இட்லி இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் மஞ்சள் தாள். அவன் கேட்பதற்கு முன்னாலேயே நீட்டினாள். அவன் வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தான், சீலை வெயிலில் சாய்த்துப் பார்த்தான், இரண்டு தடவை படித்தான், டாங்க் மேல் செருகிக்கொண்டான். டீக்கடைப் போர்டு பக்கம் வந்ததும் பெருவிரலால் ஒரு பொத்தானைத் திருகினான். ஒரு வருஷம் ஏழு மாதமாக 217.9-லேயே நின்ற மீட்டர் 213.0 ஆகி, 213.1 ஆனது, 213.2 ஆனது. பாலத்துக்கு முன்னால் இடது பக்க விளக்கைப் போட்டுவிட்டுக் கரை ரோட்டில் இறங்கினான். பொங்கியண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

கோயமுத்தூரில் ராலி முடிகிற மைதானத்தில் ஓர் ஆள் இல்லை. கோகிலவாணி சங்கத்து மேஜையை அவளே இழுத்துப் போட்டு, கடிகாரத்தை வைத்து, நேரம் குறிக்கிற அதிகாரியாக உட்கார்ந்தாள். சுகந்தி வெயிலில் நின்றாள், நிழலுக்கு வா என்றால் வரவில்லை. நடுவில் பொங்கியண்ணன் போன் செய்து, "நாளைக்கும் வருவாருங்களா?" என்று கேட்டார். கோகிலவாணி போனை வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது நவநீதன் உள்ளே வந்தான். மேஜைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். நிறுத்தினான்! இன்ஜின் அணைந்ததும் அவன் காது அந்த அமைதியைத் தாங்கவில்லை, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். சட்டைப்பையிலிருந்து நைந்துபோன நேர அட்டையை எடுத்து நீட்டினான், அவள் நேரத்தை எழுதிச் சீல் வைத்தாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கன்னத்தில் வார் பதிந்த இடம் மட்டும் வெள்ளையாக, மற்றதெல்லாம் கருகிக் கிடந்தது.

"எத்தன நிமிசம் லேட்டுங்க மேடம்?" என்றான்.

சுகந்தி அறைந்தாள். அப்படி ஓர் அறையைக் கோகிலவாணி அதற்கு முன் பார்த்ததில்லை, மைதானத்து மரத்திலிருந்த காக்கை எழும்பிப் பறந்தது.

"என்னைக் கேட்டிருக்கலாமில்ல!" என்று கத்தினாள் சுகந்தி. "தெனமும் பக்கத்துலதான வந்தேன்! சோறு ஊட்டுனேன், மூஞ்சி தொடச்சேன், வழி தெரியும் வாங்க வாங்கன்னு சொன்னேன்! எவனோ குத்துன சீலுக்குத் திரும்புனியே, எனக்கு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ திரும்புனியா? நான் யாரு உனக்கு?"

பதினாறு வருஷத்தில் அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நவநீதன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழக்கதோஷத்தில் டாங்கின் மேலிருக்கும் பெட்டியைப் பார்த்துப் பெருவிரலால் திருகினான். சுருள் தீர்ந்துபோயிருந்தது, கட்டைதான் சுழன்றது. இன்னும் ஒரு தடவை திருகினான். அப்புறம், தொலைந்துபோன பிள்ளை மாதிரி, கண்ணெல்லாம் கலங்க, "இங்கிருந்து வீட்டுக்கு எப்படிப் போகோணும் சுகந்தி?" என்று கேட்டான்.

சுகந்தி அழுதுகொண்டே பின்னால் ஏறி உட்கார்ந்தாள், முதுகில் ஒரு குத்துக் குத்தினாள், "எடு வண்டிய" என்றாள். மைதான வாசலில் அவன் தயங்கினான். "லெஃப்ட்" என்றாள். அவன் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தான். "லெஃப்ட்டுன்னு சொல்றேனில்ல!" என்று அவள் கத்திய கத்தலில் பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவன் திரும்பினான். அடுத்த முனையில் "ரைட்டு!" என்று கேட்டது, அதற்கடுத்த முனையில் "நேரா போ, நேரா!" என்று கேட்டது, நடுநடுவே அவனைத் திட்டுவதும் கேட்டது, தண்டபாணியைத் திட்டுவதும் கேட்டது, கோகிலவாணி சீலைக் கையில் பிடித்தபடி மேஜையில் உட்கார்ந்து, சத்தம் பஸ் இரைச்சலில் கரைகிறவரை, அவன் ஒவ்வொரு முனையிலும் அவள் சொன்ன பக்கம் திரும்புகிறானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.